பயிற்சி ஆசிரியைக்குக் காகிதக்கூழ் பொம்மை செய்ய நேரம் எங்கே?

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு, தமிழ் எடுத்துப் படிக்கிறேன். கடலூர் மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 16 வாரப் பயிற்சியில் இருக்கிறேன். விடுதியில் ஓர் அறைக்கு மூன்று பேர். அம்மாவின் அம்மா, எங்கள் ஆயா, பழைய தாளையும் வெந்தயத்தையும் அரைத்து முறம் மெழுகுவார். அதைப் பார்த்துச் சின்ன வயதிலிருந்தே கூழில் பொம்மைத் தலை செய்வேன். இப்போது கையில் மாட்டி ஆட்டும் கையுறைப் பொம்மைகள் செய்ய ஆசை. ஆனால் மூன்று சிக்கல். ஒன்று, நேரமே இல்லை. பாடக்குறிப்பும் ரெக்கார்டும் முடிய இரவு பத்தாகிவிடுகிறது. இரண்டு, செய்த தலைகள் நாறுகின்றன, பூஞ்சை பிடிக்கின்றன, வண்ணம் விரிசல் விடுகிறது. கடைசியாகச் செய்த தலை 12 செ.மீ. உயரம், 300 கிராம். ஐந்து நிமிடம் பிடித்தால் கை வலிக்கிறது. மூன்று, "வெறும் பொழுதுபோக்காக ஏன் செய்கிறாய், எல்லாவற்றையும் பாடம் நடத்தும் துணைக்கருவியாக்கு" என்கிறார்கள் தோழிகள். பள்ளியிலோ ஆண்டு விழாவுக்கு 20 பொம்மை செய்து தரச் சொல்கிறார்கள். வேலை கிடைக்கும்வரை இதை ஓரம் கட்டிவிடட்டுமா?

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஓரம் கட்ட வேண்டாம். செய்யும் முறையை மாற்றினால் போதும். நேரமின்மை, நாற்றம், கனம் என்று நீங்கள் தனித்தனியாகச் சொல்லும் மூன்றுக்கும் காரணம் ஒன்றே: தலையை முழுக்கக் கூழாலேயே உருட்டிச் செய்கிறீர்கள். 12 செ.மீ. தலை 300 கிராம் இருக்கிறது என்றால் அது உள்ளே கெட்டியானது என்று பொருள். அப்படி ஒரு கூழ் உருண்டை நடுவரை காய இரண்டு வாரம்கூட ஆகும். மேல்தோல் இரண்டே நாளில் காய்ந்து இறுகிவிடும். உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் மாவுப்பசையைப் புளிக்க வைக்கும். நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. பூஞ்சையும் அந்த ஈரத்தை நம்பித்தான் வளர்கிறது. நீங்கள் வண்ணம் பூசிய பிறகும் உள்பகுதி மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே இருப்பதால், மேலே இருக்கும் பூச்சு இழுபட்டு வெடிக்கிறது. நல்ல வண்ணம் வாங்கினாலும் இது தீராது.

கையுறைப் பொம்மையின் தலை உள்ளே காலியாக இருக்க வேண்டும். மேலோடு, அதாவது வெளி ஓடு, களிமண் அச்சின் மேல் தாள் ஒட்டி வளர்ப்பது. மூக்கு, புருவம், கன்னம் மட்டும் கூழ். இந்த முறையில் 9 அல்லது 10 செ.மீ. உயரத் தலை, வண்ணமெல்லாம் பூசிய பிறகும் 60, 70 கிராமைத் தாண்டாது. அரை மணி நேரம் பிடித்திருந்தாலும் கை வலிக்காது. ஒரு தடவை உட்கார்ந்தால் செய்ய வேண்டிய வேலையும் சிறியது: ஓர் அடுக்கு ஒட்ட 20 நிமிடம், பிறகு காற்றாடியின் கீழ் வைத்துவிட்டு நீங்கள் ரெக்கார்டு எழுதலாம். காயும் நேரம் உங்கள் நேரத்தைத் தின்பதில்லை. பயிற்சிக் காலத்தில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலை குறைவு. தையலும் ஓவியமும் நீங்கள் உட்கார்ந்திருந்தால்தான் நகரும்; இது நீங்கள் பள்ளிக்குப் போயிருக்கும்போதும் காய்ந்துகொண்டிருக்கும்.

முதலில் அச்சு. குயவரிடமோ ஏரிக்கரையிலோ கிடைக்கும் களிமண் அரை கிலோ போதும். கல்லும் வேரும் பொறுக்கிவிட்டு நன்றாகப் பிசையுங்கள். கட்டைவிரல் பருமனுள்ள ஒரு குச்சியைத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலின் வாயில் செருகி நிறுத்தி, அதன் தலையில் மண்ணை வைத்து முகத்தை உருவாக்குங்கள். கழுத்தை மறக்காதீர்கள்: 3 செ.மீ. நீளம், அடியில் சற்றே விரிந்த விளிம்பு. துணியைக் கட்டும் நூல் நழுவாமல் பிடிப்பது அந்த விளிம்புதான். மண்ணில் நுணுக்கம் வேண்டாம். கண்குழி ஆழமாக, நெற்றியும் தாடையும் துருத்தி, மூக்குக்கு ஒரு மேடு, அவ்வளவே. மண்ணில் செதுக்கிய மெல்லிய சுருக்கங்கள் எட்டு அடுக்குத் தாளுக்கு அடியில் காணாமல் போகும்.

மண்ணின் மேல் வாஸ்லினை மெல்லியதாகத் தடவுங்கள். அதன் மேல் முதல் அடுக்கை வெறும் தண்ணீரில் நனைத்த செய்தித்தாளால் போடுங்கள், பசை வேண்டாம். இந்த இரண்டும் இல்லையென்றால் மேலோடு மண்ணோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கிழியும். இரண்டாவது அடுக்கிலிருந்து பசை. தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழித்த விளிம்பில் நார் பிசிறு பிசிறாக நிற்பதால் அடுத்த துண்டோடு ஒன்றிவிடும். கத்தரித்த விளிம்பு காய்ந்த பிறகும் கோடாகத் தெரியும். துண்டின் அளவு நெற்றியிலும் பின்தலையிலும் 2 செ.மீ. அகலம், மூக்கு ஓரத்திலும் கண்குழியிலும் அதில் பாதி. பெரிய துண்டைக் குழிக்குள் அமுக்கினால் மடிப்பு விழும், மடிப்புக்கு அடியில் காற்று தங்கும், அங்கேதான் பின்னாளில் உப்பும்.

மொத்தம் எட்டு அடுக்கு. ஓர் அடுக்கு செய்தித்தாள், அடுத்தது நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத்தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால், எங்கே விட்டுப்போயிற்று என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். நான்கு அடுக்கு முடிந்ததும் ஒரு நாள் காயவிட்டுப் பிறகு அடுத்த நான்கைத் தொடங்குங்கள். பளபளப்பான வார இதழ்த் தாள் இதற்கு ஆகாது. அதன் மேலிருக்கும் பூச்சு பசையை உள்ளே விடாது. ஊற வைத்தாலும் கூழாகக் கரையாது.

பசைக்கு மூன்று மேசைக்கரண்டி மைதாவை அரைக் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் அரைக் கப் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடித்தன்மை வந்து, குமிழ் விட்டதும் இறக்கலாம். ஆறிய பிறகு கிராம்பு எண்ணெய் நான்கைந்து சொட்டு. புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். பூச்சி அண்டாது என்பது உண்மை. ஆனால் அது நஞ்சு. பிள்ளைகள் கையில் எடுத்து முகத்தோடு வைத்து விளையாடப்போகும் பொம்மையில் மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். விடுதியில் அடுப்பு இல்லையென்றால் பெவிகாலில் சரிபாதி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் புளிக்காது, கரப்பானும் வராது.

எட்டு அடுக்கும் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, தலையைக் கன்னத்தோடு ஒட்டி வையுங்கள். சில்லென்றிருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. அறையின் சூட்டிலேயே இருந்தால், நகத்தால் தட்டிப் பாருங்கள்: 'டக் டக்' என்று ஓடு தட்டும் சத்தம் கேட்க வேண்டும். 'தொப்' என்று கேட்டால் இன்னும் ஒரு நாள். இந்தச் சோதனையைத் தாண்டாத எதன் மேலும் வண்ணம் வைக்காதீர்கள்.

காய்ந்ததும் உச்சந்தலை வழியாக ஒரு காதிலிருந்து மறு காதுவரையும், அங்கிருந்து கழுத்துவரையும் பென்சிலால் கோடு போடுங்கள். வெட்டுவதற்கு முன், அந்தக் கோட்டைக் குறுக்கே தாண்டும்படி நான்கைந்து இடங்களில் சிறு அடையாளக் கோடுகளும் போட வேண்டும். இதை விட்டுவிட்டு வெட்டுபவர்களுக்கு இரண்டு பாதியும் திரும்பச் சேராது, முகம் கோணிப்போகும். பிளேடால் வெட்டிப் பிரித்து, மண்ணைக் குடைந்து எடுத்துவிட்டு, உள்புறத்தை ஒரு நாள் திறந்தபடியே காய விடுங்கள். பிறகு அடையாளக் கோடுகளைப் பொருத்தி, இரண்டு பாதியையும் நூலால் கட்டி, வெட்டுக்குக் குறுக்காகச் சிறு துண்டுகளை இரண்டு அடுக்கு ஒட்டினால் முடிந்தது. அந்த மண்ணைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் அடுத்த தலைக்கு ஆகும்.

இனி, உங்களுக்குப் பிடித்த கூழ். 100 கிராம் செய்தித்தாள், அதாவது ஏறக்குறைய ஆறு முழு விரிதாள், நான்கு தலைகளின் மேல்வேலைக்குக் காணும். நகத்தளவுத் துண்டுகளாகக் கிழித்து ஓர் இரவும் ஒரு பகலும் ஊற விடுங்கள். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் மசி கொஞ்சம் போகும். ஞாயிறன்று அரை மணி நேரம் கொதிக்க வைத்து ஆறவிட்டு, ஒரு கைப்பிடித் தாளுக்கு அதைப்போல் மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தண்ணீரைக் குறைத்தால் மோட்டார் சூடேறும், கூழும் திரிதிரியாக வரும். அந்த ஜாரைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. பழைய ஜார் ஒன்று கிடைக்கவில்லை என்றால் உரலில் இடிப்பதே மேல்.

அரைத்ததைத் துணியில் கட்டிப் பிழியும்போதுதான் பலர் அவசரப்படுகிறார்கள். தண்ணீர் அதிகமிருந்தால் சுருக்கமும் அதிகம். சுருக்கம் அதிகமானால் மூக்கின் அடியில் பிளவு விழும். உருண்டையாகப் பிடித்து அழுத்தினால் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை நனைய வேண்டும். அந்தப் பதம்.

இங்கே நாற்றத்தின் இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கூழில் பசையைக் கலந்து டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, வாரம் முழுக்க எடுத்து எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. இரண்டாம் நாளே அது கெடத் தொடங்கும். பசையில்லாத வெறும் கூழை நான்கு பங்காக்கி, மூன்றை வறட்டியாகத் தட்டி வெயிலில் காய வைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் கெடாது. தேவைப்படும் முதல் நாள் இரவு ஒரு வறட்டியை ஊற வைத்து உதிர்த்துக்கொண்டால் புதுக்கூழ் மாதிரியே வரும். மீதியிருக்கும் ஒரு பங்குக்கு மட்டும் சேர்மானம்: முந்தின இரவு ஊற வைத்து அரைத்த வெந்தயம் இரண்டு தேக்கரண்டி, பெவிகால் ஒரு மேசைக்கரண்டி, சாக் பவுடர் ஒன்றரை மேசைக்கரண்டி. வகுப்பறையில் மிஞ்சும் சாக்பீஸ் துண்டுகளைப் பொடித்துச் சலித்தும் போடலாம். பத்து நிமிடம் பிசையுங்கள். ஓரத்தை அழுத்தினால் வெடிக்காமல் வழவழப்பாக மடங்க வேண்டும்.

ஆயாவின் வெந்தயத்துக்குக் காரணம் இருக்கிறது. அரைத்த வெந்தயத்தின் கொழகொழப்பு நாரைப் பிணைக்கிறது, கசப்பு பூச்சியை ஓரளவு தள்ளி வைக்கிறது. முறத்தில் அது அருமையாக நிற்கக் காரணம், அங்கே மெழுகுவது மெல்லிய பூச்சு. ஒரே வெயிலில் காய்ந்துவிடும். அதையே நீங்கள் கெட்டி உருண்டையாகப் போட்டதுதான் வினை. ஈரம் தங்கினால் வெந்தயமும் பூஞ்சைக்கு உணவுதான். அளவைக் கூட்டினால் கூழ் பழுப்பேறும் என்பதையும் கவனியுங்கள்.

கூழை ஒரு நேரத்தில் 3 அல்லது 4 மி.மீ. கனத்துக்கு மேல் வைக்காதீர்கள். மூக்கு பெரிதாக வேண்டுமென்றால் முதலில் தாளைச் சுருட்டி ஒட்டி உயர்த்திவிட்டு, மேலே மட்டும் கூழ் போர்த்துங்கள். வைக்கும் இடத்தில் முதலில் பசை தடவ வேண்டும். காய்ந்த தாளின் மேல் வெறும் கூழை அப்பினால் பின்னர் அப்படியே பெயர்ந்து வரும். முதல் நாள் நிழலில், காற்றாடிக்குக் கீழே. இரண்டாம் நாள் இளவெயிலில். எடுத்த எடுப்பில் உச்சி வெயிலில் வைத்தால் தோல் மட்டும் இறுகி உள்ளே ஈரம் நிற்கும், பழைய கதைதான். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் அடைமழை. அப்போது கோடையில் ஒரு நாளில் காய்வதற்கு மூன்று, நான்கு நாளாகும். அந்த மாதங்களில் கூழ் வேலையை நிறுத்திவிட்டு உடை தைப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தை எப்படி அமைப்பது என்பதில் ஒன்று. கையில் வைத்துப் பார்க்கும்போது அழகாக இருக்கும் முகம், ஐந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வெறும் உருண்டையாகத் தெரியும். புருவ மேடு, கண்குழி, மூக்கு மூன்றும் நிழல் விழும் அளவுக்கு ஏறி இறங்க வேண்டும். அறையில் ஒரு விளக்கை மட்டும் பக்கவாட்டில் எரியவிட்டுப் பாருங்கள். நிழலே விழவில்லை என்றால் கன்னத்தை அல்ல, கண்குழியைச் சரிசெய்யுங்கள். அதுதான் பெரும்பாலும் ஆழம் போதாமல் இருக்கும்.

பிறகு உப்புத்தாள்: 120 நம்பரில் மேடு பள்ளம் தேய்த்து, 220-இல் வழவழப்பாக்குங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு அறைக்கு வெளியே தேயுங்கள். ஒரு பங்கு பெவிகாலில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து முழுக்க ஒரு பூச்சு. அது காய்ந்ததும், அதே கரைசலில் சாக் பவுடரைப் பாலேடு பதத்துக்குக் கலந்து, மெல்லியதாக மூன்று பூச்சு. ஒரே பூச்சாகத் தடிமனாக அப்பினால் ஏரிச் சேறு மாதிரி வெடிக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் 220-ஆல் லேசாகத் தேயுங்கள். இந்த வெள்ளை அடித்தளத்தின் மேல்தான் வண்ணம். போஸ்டர் கலர் வியர்வைக் கையில் கரைந்து ஒட்டும். துணிக்குப் போடும் ஃபேப்ரிக் கலர் சின்ன ஊர் ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கிறது. காய்ந்த பிறகு தண்ணீருக்குக் கரையாது. மேலே பளபளக்கும் வார்னிஷ் அடிக்காதீர்கள். டியூப்லைட் வெளிச்சம் நெற்றியில் பட்டுத் தெறித்து, கண்ணும் வாயும் மறைந்துவிடும்.

கண்ணைக் கடைசியில் வையுங்கள். பொம்மை செய்யும் குடும்பங்களில் கண் திறப்பதைக் கடைசி வேலையாக வைத்திருப்பதற்கு மரபுக் காரணம் உண்டு. உங்களுக்கு நடைமுறைக் காரணமும் உண்டு: பொம்மை உங்கள் கையில் உயரத்தில் நிற்கும், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கருவிழியைக் கண்ணின் நடுவில் வைத்தால் பொம்மை எல்லோருடைய தலைக்கும் மேலே எங்கோ பார்க்கும். உடையோடு கையில் மாட்டி, கண்ணாடி முன் தூக்கிப் பிடித்துப் பார்த்து, கருவிழியைக் கொஞ்சம் கீழே இறக்கிக் குறியுங்கள். இரண்டும் மூக்கை நோக்கி மயிரிழை அளவு நெருங்கியிருந்தால் பார்வை ஒருவர் மேல் நிலைக்கும். தீக்குச்சி முனையால் ஒரு வெள்ளைப் புள்ளி, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில்.

உடைக்கு ஒரு பிளவுஸ் பிட் போதும். ஆள்காட்டி விரல் தலைக்குள். கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு கைகள். மற்ற இரண்டையும் மடக்கிக்கொள்ளுங்கள். கையை அப்படி வைத்துத் தாளில் வரைந்து, சுற்றிலும் 3 செ.மீ. விட்டு வெட்டினால் அதுவே அளவு. நீளம் முழங்கைக்குச் சற்று முன்வரை வர வேண்டும், இல்லையென்றால் மணிக்கட்டு தெரியும். கழுத்துக்குள், தபால் அட்டையை ஆள்காட்டி விரலில் தளர்வாகச் சுற்றி ஒட்டிய குழாய், 5 செ.மீ. நீளம். விரலின் இரண்டாம் கணுவரை உள்ளே போனால்தான் தலை ஆடும், தலையாட்டும், திரும்பும். குழாய் இறுக்கமாக இருந்தால் விரல் மரத்துப்போகும். தொளதொளவென்றிருந்தால் தலை ஒரு பக்கம் சாயும்.

இத்தனையையும் உங்கள் வாரத்தில் எங்கே வைப்பது? ஞாயிறு காலை இரண்டரை மணி நேரம்: அச்சு, கூழ் அரைப்பது, வெட்டிச் சேர்ப்பது, தேய்ப்பது போன்ற அழுக்கும் சத்தமும் உள்ள வேலைகள். வார நாட்களில் இரண்டு இரவு, தலா 20 நிமிடம்: அடுக்கு ஒட்டுவது அல்லது ஒரு பூச்சு. மற்ற இரவுகள் பாடக்குறிப்புக்கு. அந்த நாட்களில் பொம்மையைத் தொட வேண்டாம். ஒரே நேரத்தில் ஒரு தலைதான். இரண்டு தொடங்கினால் அறையில் இடம் போகும், கூட இருப்பவர்களுக்கும் எரிச்சல் வரும். இந்த ஓட்டத்தில் ஒரு பொம்மைக்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். 16 வாரத்தில் நான்கு பொம்மை. போதும். பாடம் பார்வையிட வரும் வாரத்திலும் தேர்வு வாரத்திலும் முழுக்க விட்டுவிடுங்கள். காய்ந்த மேலோடு உங்களுக்காகக் காத்திருக்கும், கெடாது.

செய்து முடித்தவற்றை பாலித்தீன் பையில் கட்டாதீர்கள், உள்ளே வியர்க்கும். பழைய துணிப்பையும் காய்ந்த வேப்பிலையும் போதும். இராமபாணப் பூச்சிக்கு மாவுப்பசை பிடிக்கும் என்பதால் மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். ஏற்கெனவே பூஞ்சை பிடித்த தலைகளில், மேலே மட்டும் படர்ந்திருந்தால் வெயிலில் காயவைத்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். முகர்ந்தால் உள்ளிருந்து வாடை வருகிறதா? மனம் கேட்காது என்று தெரியும், ஆனாலும் எறிந்துவிடுங்கள். மூன்று பேர் மூச்சு விடும் அறை அது.

துணைக்கருவி விஷயத்தில் உங்கள் தோழிகளோடு எனக்கு உடன்பாடில்லை. பி.எட். பாடத்திட்டத்திலேயே நாடகமும் கலையும் கற்பித்தலில் எப்படி உதவும் என்பது ஒரு பகுதியாக இருக்கிறது, அதனால் பொம்மையை வகுப்புக்குக் கொண்டுபோவது தவறே இல்லை. ஆனால் செய்வதெல்லாம் மதிப்பெண்ணுக்கும் பார்வையாளருக்கும் என்றாகிவிட்டால், ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சியின் இன்னொரு பாடவேளையாகிவிடும். நான்கில் ஒன்று வகுப்புக்கு இருக்கட்டும். மற்ற மூன்றும் உங்களுக்குப் பிடித்த முகங்கள்: ஆயா, பேருந்து நடத்துநர், சந்தையில் பலாப்பழம் விற்பவர். அவற்றுக்குப் பாடநோக்கம் எதுவும் வேண்டாம். அவற்றில்தான் உங்கள் கை தேறும், ஏனென்றால் அங்கே தப்பாக வந்தாலும் யாரும் மதிப்பெண் குறைக்கப்போவதில்லை.

வகுப்புக்குப் போகும் அந்த ஒன்றை எப்படிப் பயன்படுத்துவது? வழிகாட்டி ஆசிரியரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ஒரு பாடவேளையில் ஐந்து முதல் ஏழு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பொம்மை பாடம் நடத்தக் கூடாது. பாடம் தெரியாத ஆளாக வர வேண்டும். "வல்லினம் மிகும்னு சொல்றாங்களே, எங்கே மிகும்?" என்று அது தப்புத் தப்பாகக் கேட்டால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டி போட்டுத் திருத்துவார்கள். கூச்சப்படும் பிள்ளை ஆசிரியரிடம் பேசத் தயங்கும் இடத்தில் பொம்மையிடம் பேசிவிடும். பேசும்போது நீங்களும் பொம்மையைப் பாருங்கள். நீங்கள் பிள்ளைகளைப் பார்த்தால் பிள்ளைகள் உங்கள் வாயைப் பார்ப்பார்கள். குரலை மாற்றித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வேகத்தை மட்டும் மாற்றினால் போதும்: இழுத்துப் பேசும் கிழவர், படபடக்கும் சிறுமி.

நேரில் பார்த்துக் கற்க உங்களுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. பண்ருட்டி பொம்மைகளுக்குப் பேர்போன ஊர். புதுச்சேரியின் திருக்கனூர் காகிதக்கூழ்க் கைவினை புவிசார் குறியீடு பெற்றது. அச்சில் அழுத்தி எடுக்கும் அவர்கள் முறை வேறு. ஆனால் கூழின் பதத்தையும் வெள்ளை அடித்தளத்தின் வழவழப்பையும் விரலால் தொட்டுப் பார்த்தாலே பாதி புரியும். நவராத்திரிக்கு முந்தின மாதங்களில் போகாதீர்கள், அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். பொங்கலுக்குப் பிறகு போங்கள், பேச நேரம் இருக்கும். போகும்போது ஒரு பொம்மையாவது விலைக்கு வாங்குங்கள். வேலையில் சேர்ந்த பின்னர், பொம்மலாட்டத்தைக் கல்வியில் பயன்படுத்துவது பற்றி ஆசிரியர்களுக்கு மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் (சி.சி.ஆர்.டி.) நடத்தும் பயிற்சிக்கும் முயலலாம்.

கடைசியாக அந்த 20 பொம்மைகள். ஒரு பொம்மைக்கு, காயும் நேரம் போக, கைவேலை மட்டும் ஏழு எட்டு மணி நேரம். இருபதுக்கு 150 மணி நேரம். பயிற்சிக் காலத்தில் அது நடக்காது, ஒப்புக்கொள்ளாதீர்கள். பயிற்சி மாணவி தலைமையாசிரியரிடம் மறுப்பது கடினம் என்பது புரிகிறது. அதனால் வெறும் கையோடு மறுக்காமல் மாற்றுத் திட்டத்தோடு போங்கள். "ஐயா, கூழ்ப் பொம்மை ஒன்று ஒரு மாதம் எடுக்கும். விழாவுக்கு ஒன்று செய்து தருகிறேன். மற்றதற்குப் பிள்ளைகளை வைத்தே காகிதப்பை முகமூடி செய்துவிடலாம், எனக்கு இரண்டு பாடவேளை கொடுங்கள்" என்று சொல்லுங்கள். மளிகைக்கடைப் பழுப்புப் பையில் கண்ணுக்கு இரண்டு துளை, அட்டை மூக்கு, கிழித்த தாளில் முடி. 40 பிள்ளைகளுக்கு 40 பை, பத்து கத்தரிக்கோல், நான்கு பசை டப்பா. முதல் வேளையில் வெட்டி ஒட்டி, இரண்டாவதில் வண்ணம். துளையைப் பை தலையில் இருக்கும்போது போடக் கூடாது. கண் இருக்கும் இடத்தை வெளியிலிருந்து பென்சிலால் மெல்லக் குறித்து, கழற்றிய பிறகு வெட்டச் சொல்லுங்கள்.